பொதுவிழா யாருக்குப் பொது?

(திருவையாற்றுப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், பெரிய நகரங்களில் பல ஜாதி, பல மத, பல பாஷை மக்கள் கூடி நடத்தும் விழாக்களும், அவர்களுக்கென்று இருக்கும் பொதுச் சாதனங்களும் என்பதாகும். திருவையாற்றுக்கு வந்து பட்டணத்துச் சங்கதி பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டணத்தில் ஒரு பிள்ளை இல்லாத வீடு அபூர்வமாகிவிட்டது. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய் அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இங்கே அநேகம் அடுப்பு எரிகிறது. இரண்டாவது, பட்டணம் விழா நடத்தக் கற்றுக்கொண்டதே இந்த ஊரைப் பார்த்துத்தான். சென்னையில் மார்கழி மாதத்தில் "சென்னையில் திருவையாறு" என்று இவ்வூர்ப் பெயரையே வைத்து விழா நடத்துகிறார்கள். ஆகவே பட்டணத்துக்கு மூலம் இங்கே இருக்கிறது. மூலத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டணத்துக்குப் போவோம்.

முதலில் "பொது" என்ற வார்த்தையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். நம் நாட்டில் இதைப்போல ஏமாற்றுகிற வார்த்தை வேறில்லை. பொதுக் குளம் என்பார்கள், ஒரு தெருவார் இறங்கினால் தீட்டு என்பார்கள். பொதுச் சத்திரம் என்பார்கள், பந்தியில் ஒரு ஜாதிக்கு மட்டும் இலை விழும். பொதுச் சுடுகாடு என்பார்கள், செத்தவனைக்கூட வயல் வரப்பில் சுமந்துபோகச் சொல்லுவார்கள். செலவு வரும்போது எல்லோருக்கும் பொது, வரவு வரும்போது சிலருக்கு மட்டும் சொந்தம். இதுதான் நம் நாட்டுப் பொதுவின் யோக்கியதை.

ஆகையால் யாராவது உங்களிடம் வந்து, "இது பொதுவிழா, பல சமூகத்தாரும் கலந்துகொள்ளும் விழா" என்று சொன்னால், உடனே கைதட்டி விடாதீர்கள். ஐந்து கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது? வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது? மேடையில் யார் உட்காருகிறார்கள்? பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஐந்து ஆறுகளால் பேர் பெற்ற ஊர்க்காரர்களுக்கு ஐந்து கேள்விகளை ஞாபகம் வைத்துக்கொள்வது கஷ்டமல்ல.

இந்த ஊரின் ஆராதனை விழாவையே எடுத்துக்கொள்ளுவோம். தியாகராசர் 1847 இல் இவ்வூரில் இறந்தார். அவர் சமாதி பல காலம் சரியான கவனிப்பில்லாமல் கிடந்தது. பிறகு விழா எடுக்க ஆரம்பித்தவர்கள், பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, தனித்தனியே நடத்தினார்கள். இரண்டு கட்சிக்கும் ஆயிரம் சண்டை இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. அது என்னவென்றால், பெண்கள் அங்கே பாடக்கூடாது என்பது!

அந்தச் சமாதிக்குக் கட்டிடம் கட்டியது யார்? பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற ஒரு பெண். தேவதாசிக் குலம் என்று இந்தச் சமூகம் பேர் வைத்து ஒதுக்கிய கூட்டத்தில் பிறந்தவர். அவர் ஆயுள் முழுவதும் பாடிச் சேர்த்த பணத்தைக் கொண்டு இடத்தை வாங்கிக் கட்டிடம் எழுப்பினார். 1925 இல் குடமுழுக்கு நடந்தது. பணம் அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனால் விழாவிலே வாய் திறந்து பாட மாத்திரம் அவருக்கு உரிமை இல்லை! இதைவிட வேடிக்கை உலகத்தில் உண்டா? வீடு கட்டிக் கொடுத்தவளை வாசலில் நிற்கச் சொன்ன கதையல்லவா இது?

அந்த அம்மாள் என்ன செய்தார்? அழுதுகொண்டு போகவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடவுமில்லை. பெண்களைக் கூட்டி, 1927 முதல் பெண்களுக்கென்றே ஒரு விழாவை அதே சமாதியின் பின்புறத்தில் நடத்தினார். இப்படி ஒரு சமாதிக்கு மூன்று கட்சி விழா நடந்தது. கடைசியில் 1940-களின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாயின, பெண்களும் பாடலாயினர். இன்றைக்கு ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானவர் உட்கார்ந்து ஒரே குரலில் பாடுவதைப் பார்த்து, "ஆகா, என்ன சமரசம்!" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இந்தச் சமரசம் வானத்திலிருந்து விழவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து பாடிய பெண்கள் முன்வாசலைத் திறந்ததனால் வந்தது.

பாஷை விஷயமும் அப்படியே. 1946 இல் இந்த விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். காவிரிக் கரையில், தமிழ் நாட்டில், தமிழன் தமிழில் பாடியது பெரிய குற்றமாகிவிட்டது! அதன்மேல் எழுந்த சர்ச்சையை "தீட்டாயிடுத்து" என்ற தலைப்பில் மு. கருணாநிதி "குடி அரசு"வில் எழுதினார். தெலுங்குப் பாட்டின்மேல் நமக்கு விரோதமில்லை. தெலுங்கன் பாடட்டும், கன்னடியன் பாடட்டும், கேட்டு மகிழுவோம். பல பாஷை கலந்த விழா என்பதற்கு அதுதானே அர்த்தம்? ஆனால் எல்லாப் பாஷையும் உள்ளே வரலாம், அந்த ஊர்க்காரன் பாஷை மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால், அதற்குப் பேர் பல பாஷை விழாவா?

இதே தஞ்சாவூரில் வேறு விதமாகவும் ஒரு காரியம் நடந்திருக்கிறது. ஆபிரகாம் பண்டிதர் என்ற வைத்தியர், கிறிஸ்தவர், 1912 இல் தஞ்சையில் ஒரு சங்கீத சங்கத்தை ஏற்படுத்தி, பல ஜாதி, பல மத வித்துவான்களை வரவழைத்துத் தம் சொந்தச் செலவில் மகாநாடுகள் நடத்தினார். இசையைப் பூசை அறையிலிருந்து எடுத்து, எல்லோரும் கூடி விசாரிக்கும் விஷயமாக வைத்தார். சுருதி எத்தனை என்று கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம், மறுக்கலாம். 1917 இல் "கருணாமிர்த சாகரம்" என்ற பெரிய நூலையும் வெளியிட்டார். ஒரு கிறிஸ்தவ வைத்தியர் கூட்டிய கூட்டத்தில் தமிழிசையின் பழமை ஆராயப்பட்டதென்றால், பல சமூகம் சேர்ந்தால் என்ன லாபம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விழாவை விட்டுவிட்டு, பொதுச் சாதனத்துக்கு வருவோம். விழா ஒரு நாள் கூத்து. பந்தலைப் பிரித்த மறுநாள் ஏழைக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. பள்ளிக்கூடம், விடுதி, வாசகசாலை, தண்ணீர், பாதை, இவைதான் மிஞ்சவேண்டியவை.

தஞ்சை மராட்டிய ராஜாக்கள் வைத்துப்போன சத்திரங்களுக்கு ஏராளமான நிலம் உண்டு. அந்த நிலத்தை உழுதது யார்? நாற்று நட்டது யார்? அறுத்துக் களத்தில் அடித்தது யார்? உங்கள் பாட்டனும் பாட்டியும்தான். அந்தச் சத்திர வருமானத்தில் இந்தத் திருவையாற்றில் ஒரு கல்லூரி நடந்தது. அதில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? சமஸ்கிருதம். அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? நெல்லுக்குச் சேறு மிதித்தவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை, அவன் பேசும் பாஷைக்கும் இடமில்லை.

அதை மாற்றியது யார்? ஜில்லா போர்டுத் தலைவராக வந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அவர்களும், கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரம் பிள்ளை அவர்களும். 1924 வாக்கில் அந்தக் கல்லூரியில் தமிழ் புகுந்தது. அதன் பிறகு அங்கிருந்து தமிழ்ப் புலவர்கள் வெளிவந்தார்கள். ஒரத்தநாட்டுச் சத்திரம் பார்ப்பனரல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியானதும் பன்னீர்செல்வம் காலத்தில்தான். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் சைவர். இரண்டு பேரும் சேர்ந்து, யார் சொத்து யாருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். புதிதாக ஒரு காசு வசூல் செய்யவில்லை, புதிதாக ஒரு வரி போடவில்லை. இருக்கிற பொதுச் சொத்தைப் பொதுவாக்கினார்கள். அவ்வளவுதான். ஐந்தாவது கேள்வி, அதாவது கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது, மற்ற நாலையும்விட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனிச் சென்னைக்குப் போவோம். சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் 1927 இல் காங்கிரஸ் மகாநாட்டோடு கூடிய சங்கீத மகாநாட்டிலிருந்தும், மறுவருஷம் ஏற்பட்ட மியூசிக் அகாடமியிலிருந்தும் வளர்ந்தவை. அதில் பெரிய வித்துவான்கள் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தெருக்காரர் மேடையில், எந்தத் தெருக்காரர் சபையில் என்று பார்த்தால், பல லட்சம் ஜனங்கள் வாழும் நகரத்தில் ஒரு சிறு கூட்டத்தின் குடும்ப விசேஷம் போல அது வெகு காலம் இருந்துவந்தது. தமிழில் பாட 1943 இல் தமிழிசைச் சங்கம் என்று தனியாக ஒன்று வைக்க வேண்டியிருந்ததே, அதுவே போதுமான அத்தாட்சி.

பிறகு மாறுதல் வந்தது. 2007 இல் "சென்னை சங்கமம்" என்ற விழாவில் பறையும், ஒயிலும், கரகமும், தெருக்கூத்தும் நகரத்துப் பூங்காக்களுக்கு வந்தன. டிக்கெட் இல்லை, வாசற்காரன் இல்லை. சாவு வீட்டில்தான் அடிக்கவேண்டும் என்று ஒதுக்கிய பறையைப் பூங்காவில் நின்று குடும்பத்தோடு கேட்டார்கள். நாலைந்து வருஷம் நடந்து, ஆட்சி மாறியதும் நின்று, 2023 முதல் மறுபடியும் நடக்கிறது. 2015 இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்தாரும் சேர்ந்து ஒரு விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதம் குப்பத்துக்குப் போயிற்று. சபையில் பாடுவதை மீனவரும், தெருவில் ஆடுவதைச் சபைக்காரரும் ஒரே மணலில் உட்கார்ந்து பார்த்தார்கள். இவையெல்லாம் நல்ல காரியம். யார் செய்தாலும் நாம் பாராட்ட வேண்டியதே.

ஆனால் அதோடு திருப்தி அடைந்துவிடலாமா? பூங்காவில் பறையடித்தவர் ஊருக்குத் திரும்பியதும் அவர் தெருவுக்குப் பாதை கிடைத்ததா? கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்துக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இருந்த ஏழைகளைக் கிளப்பி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மைலாப்பூரில் வீட்டு வேலை செய்த அம்மாள் விடியற்காலையில் பஸ் ஏறி, சம்பளத்தில் ஒரு பாகத்தைப் பஸ்ஸுக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. சாதனங்கள் இருந்தால் மட்டும் போதாது தோழர்களே, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும். எட்டாத வாசகசாலையும் பூட்டிய வாசகசாலையும் ஒன்றுதான்.

வாசகசாலை என்றதும் இன்னொன்று. 2010 இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தளம், கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் பகுதி, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கு ஓர் இடம், இவ்வளவும் உண்டு. யார் என்ன ஜாதி என்று கேட்பாரில்லை. மறு வருஷமே ஆட்சி மாறி, அதை ஆஸ்பத்திரியாக்கப் போவதாகச் சர்க்கார் அறிவித்தது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள், ஐகோர்ட் தடை போட்டது. நூலகம் நிலைத்தது. காவல் இல்லாத பொதுச் சொத்து கரை இல்லாத ஆறு போன்றது. யார் வயலுக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடுவார்கள்.

இனிச் சிங்கப்பூர். அங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர், இன்னும் பலர் இருக்கிறார்கள். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. தீபாவளிக்கும் விடுமுறை, நோன்புப் பெருநாளுக்கும் விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கும் விடுமுறை. சர்க்கார் கட்டிய அடுக்கு வீடுகளில் ஒரே இனத்தார் ஒரே கட்டிடத்தில் குவியக்கூடாதென்று 1989 முதல் சட்டதிட்டம் வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலோ, இன்னும் "காலனி" என்று தனியே கட்டி, அதற்குத் திறப்பு விழாவும் வைக்கிறோம்!

அங்கே போன தமிழர்கள் முதலில் என்ன கொண்டுபோனார்கள்? மூட்டையில் துணி இருந்ததோ இல்லையோ, ஜாதி இருந்தது. கடல் தண்ணீரில்கூட அது கரையவில்லை. அதைக் கரைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் நம் திருவாரூரில் 1903 இல் பிறந்த கோ. சாரங்கபாணி. 1924 இல் அங்கே போனார், 1935 இல் "தமிழ் முரசு" பத்திரிகையைத் தொடங்கினார். 1932 இல் ஏற்பட்ட தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் பாடுபட்டார். 1952 இல் "தமிழர் திருநாள்" என்ற விழாவை ஏற்படுத்தினார். அதில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் தமிழர் என்ற ஒரே பேரில் கூடினார்கள். பேச்சு, பாட்டு, நாடகம் என்று போட்டிகள் வைத்தார்கள். அதோடு விட்டாரா? "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டி, அங்கிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழ் நூல்கள் சேர உதவினார். கூலிக்காரர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். பாருங்கள்! விழாவும் உண்டு, விழா முடிந்த பின்பு புத்தகமும் உண்டு. விழா என்றால் இதுவல்லவா விழா!

இதனால் சிங்கப்பூர் சொர்க்கலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்குச் சொர்க்கத்தில் நம்பிக்கையும் கிடையாது. இந்த ஜில்லாக்களிலிருந்து கட்டிட வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே குடியிருப்பது நகரத்து அடுக்கு வீடுகளில் அல்ல, ஓரங்களில் உள்ள தொழிலாளர் விடுதிகளில். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பதினாறு பேர் என்று கிடந்தார்கள். 2020 இல் கொரோனா வந்தபோது அது தீப்போல் பரவியது அந்த விடுதிகளில்தான். நகரத்தார் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் அந்தப் பிள்ளைகள் வெகு காலம் அடைந்து கிடந்தார்கள். நாலு இனத்தார் விழாவுக்கு மாளிகை கட்டியது அவர்கள் கை. ஆனால் அந்த நாலு இனக் கணக்கில் அவர்கள் சேர்த்தி இல்லை. ஐந்து கேள்வியை இங்கே மட்டுமல்ல, எங்கேயும் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சரி, நம் ஊருக்கு என்ன செய்வது? அதுதானே கேள்வி?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1924 இலேயே சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்று ஏற்பட்டுவிட்டது. 1950 இல் வந்த அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவும் கிணறு, குளம், படித்துறை, பாதை என்று பேர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. இருந்தும் என்ன? 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில், வேங்கைவயல் என்ற ஊரில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. சட்டம் வந்து நூறு வருஷம் ஆகப்போகும் சமயத்தில், குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்கு இந்தக் கதி என்றால், நாம் பல சமூக விழா என்று பந்தல் போட்டு, தோரணம் கட்டி என்ன பிரயோஜனம்? வெட்கமாக இல்லையா?

ஆகையால் பெரிய யோசனைகளை விட்டுவிட்டு, கையில் உள்ளதை ஆரம்பிப்போம். 1931 இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வு பெற்ற எஞ்சினீயர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வண்டியும் மாடும் இந்த மண்ணில் எல்லோரிடமும் இருந்தவைதான். அவருக்கு மட்டும் அந்த யோசனை வந்தது. 1948 இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவில் மாகாணச் சட்டங்களில் அதுதான் முதல். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். குடிசைக்கு வரி கட்டுகிறவனும் கட்டுகிறான். அப்படியானால் உங்கள் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, சேரித் தெருப் பிள்ளை உள்ளே போய் நாற்காலியில் உட்காருகிறானா, பெண்கள் வந்து படிக்க முடிகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டா இல்லையா?

நான் சொல்வது மூன்று காரியம்தான். உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் எந்தப் பொதுவிழாவிலும், வரவு செலவை எழுதிச் சாவடியில் ஒட்டச் சொல்லுங்கள். கொடுத்தவன் கணக்குக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவன் யோக்கியனாக இருக்கமுடியாது. இரண்டாவது, விழாவில் எல்லாத் தெருக்காரரும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும், ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். வடக்கேயிருந்து வந்து இங்கே வயலில் நாற்று நடுகிற பீகார்க்காரனும் வங்காளியும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் ஓர் இலை போடுங்கள். நம் பிள்ளையைச் சிங்கப்பூரில் எப்படி நடத்தவேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அப்படி அவர்களை இங்கே நடத்துவதுதான் அறிவு. மூன்றாவது, விழாவில் மீதப்படும் பணம் வாணவேடிக்கைக்குப் போகாமல், சேரித் தெருவுக்கு அருகில் ஒரு படிப்பகத்துக்குப் போகட்டும். ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, இரண்டு பத்திரிகை, பத்துப் புத்தகம் போதும்.

இதில் எதற்கும் சர்க்கார் உத்தரவு வேண்டாம், சாஸ்திரி அனுமதி வேண்டாம், நல்ல நாள் பார்க்கவேண்டாம். இந்த ஊரில் பின்வாசலில் உட்கார்ந்து பாடிய ஒரு பெண்ணால் முன்வாசல் திறந்தது. சத்திரத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்த இரண்டு பேரால் கல்லூரியில் தமிழ் புகுந்தது. நாம் இத்தனை பேர் கூடியிருக்கிறோம். நம்மால் ஒரு படிப்பகத்தைத் திறக்க முடியாதா, ஒரு பந்தியைப் பொதுவாக்க முடியாதா?

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். பெண்டு பிள்ளைகளோடு பேசுங்கள். சரியென்று பட்டால் வருகிற விழாவிலேயே நடத்திக் காட்டுங்கள். சரியில்லையென்று பட்டால், அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.